கடன்பட்டவர் வீட்டில் சட்டம் தொடாதவை



ஆண்டுக்கொரு சட்ட விஷயத்தை, சட்டம் படியாதவர்களுக்கும் விளங்குமாறு, தமிழிலேயே பேசவேண்டும் என்பது தாம்பரத்தில் இந்த உரையை நடத்தும் அறக்கட்டளையின் நிபந்தனை. இவ்வாண்டு நான் எடுத்துக்கொண்டிருப்பது சபையில் பேசக் கூசுகிற சங்கதி. கல்யாணப் பந்தியிலும் கோவில் பிராகாரத்திலும் நம்மவர்கள் தம் வியாதிகளை விஸ்தாரமாகச் சொல்வார்கள். மகன் வேலை இழந்ததைக்கூடச் சொல்லிவிடுவார்கள். கடனை மட்டும் சொல்லமாட்டார்கள். அடுத்த தெருக்காரர் ‘மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டாராம்’ என்று காதோடு காதாகப் பேசிக்கொள்வதோடு சரி. அந்தக் கூச்சத்தினாலேயே, கடன் தலைக்கு மேல் போன ஒரு குடும்பம், தனக்குச் சட்டம் எதை விட்டுவைத்திருக்கிறது என்று விசாரித்து அறிவதற்கு முன்பே அதையெல்லாம் தன் கையாலேயே தொலைத்துவிட்டு, கடைசியில், சட்டம் ஒருபோதும் விட்டுக்கொடுக்காத ஒன்றை ஒளித்துவைக்க வழி கேட்டு வக்கீல் வீட்டு வாசலுக்கு வந்து சேர்கிறது. செங்கற்பட்டிலும் தாம்பரத்திலுமாக நெடுங்காலம் சிவில் கட்சிக்காரர்களோடு பழகியவன் என்ற முறையில் நான் சொல்ல வந்தது இந்தத் தலைகீழ் வரிசையைப் பற்றித்தான்.

முதலில் எந்தச் சட்டம், எந்தக் கோர்ட்டு என்பதைச் சொல்லிவிடுகிறேன். மாம்பலத்தில் குடியிருக்கும் ஒருவர், கடனைத் தீர்க்க இயலாமல், தம்மை நொடித்தவராக அறிவிக்கும்படி கேட்பதானால், அவர் போகவேண்டியது உயர்நீதிமன்றம். அங்கே செல்லுபடியாவது கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று தலைநகரங்களுக்கென்று 1909-இல் இயற்றப்பட்ட நொடிப்புச் சட்டம். அவருடைய சொத்து போய்ச் சேருமிடம் அபிஷியல் அசைனி என்னும் அதிகாரி. கடனும் நிலைமையும் அவையே, ஆனால் குடியும் தொழிலும் சேலையூரிலோ முடிச்சூரிலோ என்றால், அவருக்குரியது 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம். கோர்ட்டு செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. சொத்தை ஏற்பவர் ரிசீவர். சேலையூரில் வீடும் ரங்கநாதன் தெருவில் கடையும் உடையவர், அந்தக் கடையை முன்னிட்டு உயர்நீதிமன்றத்துக்கும் போகலாம். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-லிருந்து மின்சார ரயில் ஓடுகிறது. 2021 நவம்பரில் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகியவற்றையெல்லாம் சேர்த்துக்கொண்டு தாம்பரம் மாநகராட்சியாகவும் உயர்ந்துவிட்டது. திவால் சட்டத்துக்கு மட்டும் நாம் இன்னமும் மொபசல்காரர்கள்தாம்.

அதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. 1909-ஆம் ஆண்டுச் சட்டத்தை எழுதியவர்கள், நொடித்தவரின் தொழிற்கருவிகள், அவரும் மனைவி மக்களும் உடுத்தும் துணி, படுக்கை, சமையற்பாத்திரம், மேஜை நாற்காலி என எல்லாவற்றையும் கூட்டி 300 ரூபாய் மதிப்புக்கு மேற்படாமல் அவரிடமே விட்டுவிடலாம் என்று தாராள மனத்தோடு வரம்பு கட்டினார்கள். 1920-ஆம் ஆண்டுச் சட்டமோ தானாக ஒரு தொகையும் குறிக்காமல், சிவில் நடைமுறைச் சட்டம் எவற்றை ஜப்திக்கு அப்பாற்பட்டவை என்று சொல்கிறதோ அவை, கணக்குப் புத்தகங்கள் நீங்கலாக, ரிசீவருக்குப் போகமாட்டா என்று சொல்லி நிறுத்திக்கொண்டது. அதன் பயனாக, 1908-ஆம் ஆண்டுச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு காலந்தோறும் விரிய விரிய, தாம்பரத்துக் கடனாளியின் பாதுகாப்பும் கூடவே விரிந்து வந்திருக்கிறது. 2016-ஆம் ஆண்டு வந்த புதிய நொடிப்பு, திவால் நெறித்தொகுப்பு இவ்விரண்டையும் நீக்கிவிட்டு ஒரே சட்டமாக்குவதற்கு வழி செய்தும், சாதாரண மனிதர்களுக்கான அதன் பகுதி நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் அது செல்லுகிறது. அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நம் ஊரில் திவால் என்ற சொல்லுக்கு இத்தனை அவமானம் ஒட்டிக்கொண்டதற்குச் சரித்திரக் காரணமும் உண்டு. 1906 அக்டோபரில் சென்னையின் பெரிய ஆங்கிலேய வியாபார ஸ்தாபனமாகிய ஆர்பத்நாட் கம்பெனி கதவடைத்தபோது, அதில் பணம் போட்டிருந்த பென்ஷன்காரர்களும் விதவைகளும் சிறு மிராசுதாரர்களும் ஒரே நாளில் ஆண்டியானார்கள். கடன் கொடுத்தவர்கள் தரப்பில் வி. கிருஷ்ணசாமி ஐயர் வாதாடினார். சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. நமக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்ற எண்ணம் வலுத்து 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது. அந்தக் கதையில் நாமெல்லோரும் கடன் கொடுத்தவர்கள் பக்கம் நின்று பழகிவிட்டோம். நொடித்தவன் என்றால் மோசக்காரன் என்ற எண்ணம் அப்போதிருந்தே நம் இரத்தத்தில் ஊறியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். மோசம் செய்யாமலே நொடித்தவர்கள் மோசக்காரர்களைக் காட்டிலும் பன்மடங்கு அதிகம் என்பதை, கோர்ட்டுகளில் ஐ.பி. என்று எண்ணிட்டு வரும் நொடிப்பு மனுக்களைப் படித்தவர்கள் அறிவார்கள்.

இனி அந்த 60-ஆம் பிரிவுக்கு வருகிறேன். கடனாளி, அவர் மனைவி, குழந்தைகள் ஆகியோரின் அவசியமான உடைகள், சமையற்பாத்திரங்கள், கட்டில், படுக்கை, சமய வழக்கப்படி ஒரு பெண் கழற்றக்கூடாத ஆபரணங்கள், கைவினைஞரின் கருவிகள், உழவரின் ஏர், மாடு, விதைநெல், கணக்குப் புத்தகங்கள், பென்ஷன், பணிக்கொடை, வருங்கால வைப்புநிதி, ஆயுள் இன்ஷூரன்ஸ் தொகை, கூலித் தொழிலாளி, வீட்டு வேலைக்காரர் ஆகியோரின் ஊதியம் முழுவதும், மற்றவர்களின் சம்பளத்தில் பெரும்பகுதி. இவற்றை எந்தக் கடன்காரரும் கோர்ட்டு வழியாக எடுத்துக்கொள்ள முடியாது. அனகாபுத்தூரில் ஒரு காலத்தில் ஆப்பிரிக்காவரை போன சென்னைக் கட்டம் போட்ட துணியை நெய்த தறிகள் எத்தனையோ இருந்தன. நெசவாளி எவ்வளவு கடன்பட்டிருந்தாலும் அவர் நெய்கிற தறியை ஜப்தி செய்ய எந்தக் கோர்ட்டுக்கும் அதிகாரமில்லை. மனிதன் மறுபடி எழுந்து நிற்பதற்கு வேண்டிய உபகரணங்களை அவனிடமிருந்து பறித்துவிட்டால், கடன்காரனுக்கும் அதனால் நாளைக்கு நஷ்டமே என்ற யோசனை இந்தப் பட்டியல் முழுவதிலும் ஊடாடி நிற்கிறது.

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு வீட்டில் ஜப்தி நடந்ததை அருகிலிருந்து பார்த்தேன். கோர்ட்டு அமீனா வாரண்டோடு வந்து, கூடத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, ஸ்டீல் பீரோ ஒன்று, டி.வி. ஒன்று, பிரிட்ஜ் ஒன்று என்று எழுதிக்கொண்டே சமையலறைக்குள் போனார். அங்கே வணிகத்துக்குப் பயன்படுத்துகிற பெரிய அளவில், கல் தேய்ந்த ஒரு வெட் கிரைண்டர் இருந்தது. அந்த வீட்டு அம்மாள் இட்லி மாவு அரைத்துத் தெருவில் உள்ள கடைகளுக்குப் போடுபவர். பாத்திரம் என்று சொல்லி அதை விலக்கலாமென்றால் அது மோட்டார் வைத்த இயந்திரம். கைவினைஞரின் கருவி என்று சொல்லலாமென்றால் மாவரைப்பது கைவினையா என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். கைவினைதான் என்று நான் வாதித்தேன். புளிக்கவைக்கும் பதம் தெரியாதவன் அரைத்த மாவில் இட்லி கல்லாகும் என்பதை எதிர்த்தரப்பு வக்கீல் சொந்த அனுபவத்தால் அறிந்திருக்கவேண்டும், சிரித்துக்கொண்டே அதை விட்டுவிட்டார். பீரோவும் பிரிட்ஜும் போயின. அந்தக் குடும்பம் பிழைத்தது அந்தக் கல்லினால்.

மேற்படி பட்டியலில் நம் பகுதிக்கு மிக முக்கியமான ஒன்றை வேண்டுமென்றே விட்டுவைத்தேன். அது வீடு. உழவரோ, கூலித் தொழிலாளியோ, வீட்டு வேலைக்காரரோ தாம் குடியிருக்கும் சொந்த வீட்டை ஜப்தியிலிருந்து காத்துக்கொள்ளலாம் என்று 60-ஆம் பிரிவு சொல்கிறது. உழவர் என்பதற்கு அங்கே இலக்கணமும் உண்டு: தாமே நிலத்தைப் பயிரிட்டு, அந்த வருமானத்தையே முக்கிய ஜீவனாதாரமாகக் கொண்டவர். சேலையூர் ஏரி, ராஜகீழ்ப்பாக்கம் ஏரி, செம்பாக்கம் ஏரி, மாடம்பாக்கம் ஏரி என்று ஒன்றையடுத்து ஒன்றாக நின்ற நீர்நிலைகளின் கீழே நெல் விளைந்த காலத்தில், இங்கே ஓட்டு வீட்டிலிருந்த குடியானவருக்கு இந்த வாசகம் ஒரு கோட்டைச் சுவர். அந்த வயல்களைக் கிரவுண்டு கிரவுண்டாகக் கல் நட்டு விற்ற நாளில், நிலத்தோடு அந்தச் சட்டப் பாதுகாப்பும் விற்றுப்போயிற்று. வாங்கினவருக்கும் அது வந்து சேரவில்லை, விற்றவரிடமும் அது தங்கவில்லை. இன்றைக்கு அதே இடத்தில் மூன்றாவது மாடியில் ஃபிளாட் வாங்கிக் குடியிருக்கும் ரயில்வே குமாஸ்தாவும், மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்தில் வேலை பார்க்கும் சூப்பர்வைசரும், பள்ளிக்கூட ஆசிரியையும் உழவரும் அல்லர், கூலிக்காரரும் அல்லர். அவர்களுடைய சம்பாத்தியம் முழுவதையும் விழுங்கிக்கொண்டிருக்கிற அந்த ஒரே சொத்துக்குச் சட்டத்தில் பாதுகாப்பு இல்லை.

எல்லா ஊரிலும் இப்படி என்று நினைக்கவேண்டாம். பஞ்சாபில் இதே 60-ஆம் பிரிவைத் திருத்தி, உழவர் அல்லாத கடனாளியும் தாம் வாழும் பிரதான வீட்டை, அடமானம் வைக்காத வரையில், காத்துக்கொள்ள வழி செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் டெக்ஸாஸ் தனிக் குடியரசாக இருந்த 1839-லேயே குடியிருப்பு வீட்டைக் கடன்காரர் தொடாதபடி சட்டம் செய்தது. சிங்கப்பூரில் வாழும் நம் தமிழர்கள், அரசின் வீட்டு வாரியத்து அடுக்கு வீட்டில் குடியிருக்கும் குடிமக்களாயின், திவாலானாலும் அந்த வீடு அபிஷியல் அசைனியிடம் போகாது என்ற தைரியத்தில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டு நடுத்தர வர்க்கத்தார் இப்படியொரு திருத்தம் வேண்டுமென்று ஒரு மகஜர்கூடக் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. கடனைப் பற்றிப் பேசக் கூச்சம் என்று முதலிலேயே சொன்னேனல்லவா?

இப்போது அந்தத் தலைகீழ் வரிசையைக் காட்டுகிறேன். திருமுடிவாக்கத்துத் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவர், மாடம்பாக்கத்தில் ஃபிளாட் உடையவர், முன்பு ஒரு தொழிற்சாலையில் பதினைந்து வருஷம் உத்தியோகம் பார்த்து வைப்புநிதியில் கொஞ்சம் சேர்த்தவர் என்று ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். தனி ஒருவரை நான் குறிக்கவில்லை, இவரைப் போன்றவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கலாம். ஆர்டர் குறைந்து, வரவேண்டிய பணம் நின்று, வட்டி ஏறத் தொடங்கியதும் அவர் முதலில் போவது அடகுக் கடைக்கு. மனைவியின் நகைகள் அவருடைய சொத்தே அல்ல, ஸ்திரீதனம், கணவனின் கடனுக்கு அவை பொறுப்பாகமாட்டா. அவை நகைக்கடனில் போகின்றன. அடுத்தது இன்ஷூரன்ஸ் பாலிசி. சரண்டர் செய்து வருவதைக் கந்துவட்டிக்காரனிடம் கொடுக்கிறார். அதன் பின் வைப்புநிதி; விண்ணப்பம் எழுதி வாங்கிச் சப்ளையருக்குக் கட்டுகிறார். அதற்குப் பிறகு மைத்துனர், சகலை, சீட்டு, வாரக்கடன். இத்தனைக்கும் பிறகு பாக்கி இருப்பது ஃபிளாட். அதை மனைவி பேருக்குச் செட்டில்மெண்ட் எழுதிவிட்டு, மறுமாதம் வக்கீலிடம் வந்து ‘ஐ.பி. போடலாமா?’ என்று கேட்கிறார். எந்தக் கடன்காரனாலும் தொட்டிருக்க முடியாத மூன்று பொருள்களை அவர் தாமாக முன்வந்து கொடுத்துவிட்டார். தொடக்கூடிய ஒன்றை, தொடுவதற்கு மிக எளிதான விதத்தில் ஒளித்திருக்கிறார்.

இப்படிச் செய்வதற்குக் காரணம் பேராசையன்று, கௌரவம். வீடு இருக்கிறவரையில் தெருவுக்கு விஷயம் தெரியாது. நகை போனால் கவரிங் போட்டுச் சமாளித்துவிடலாம், வைப்புநிதி போனால் யாருக்குத் தெரியும்? ஆகையால் வெளியே தெரியாததெல்லாம் முதலில் போகிறது. இதையே முறைப்படி செய்கிறவர், ஃபிளாட்டின் விலை வங்கிக் கடனைக் காட்டிலும் அதிகமாக இருக்கும்போதே, தாமே நல்ல விலைக்கு விற்று, வங்கியையும் மற்றவர்களையும் கணக்குத் தீர்த்து, நகையையும் பாலிசியையும் வைப்புநிதியையும் தொடாமல், பெருங்களத்தூரிலோ வண்டலூரிலோ வாடகைக்குக் குடிபோயிருப்பார். ஏலத்தில் போகிற விலை தாமாக விற்கிற விலைக்கு ஒருபோதும் ஈடாகாது.

நகையைப் பொறுத்தவரை ஒரு வார்த்தை. தாலியை யாரும் கேட்கமாட்டார்கள். மற்ற நகைகள் மனைவியுடையவை என்பதை, சந்தேகம் வந்தால், நிரூபிக்கவேண்டும். பெற்றோர் வாங்கிய ரசீது இருந்தால் உத்தமம். இல்லாவிட்டால் கல்யாண ஆல்பம். ஆல்பத்தில் கழுத்திலும் கையிலும் தெரிகிற நகையை வைத்தே கோர்ட்டில் சாட்சி சொன்ன தாய்மார்கள் உண்டு. கடன் முற்றிய பிறகு கணவர் பணத்தில் மனைவி பேரில் வாங்கிய தங்கம் ஸ்திரீதனம் ஆகாது.

வைப்புநிதியும் பென்ஷனும் இன்னும் பலமான அரண் உடையவை. தொழிலாளர் வைப்புநிதியை 1952-ஆம் ஆண்டுச் சட்டமும், பணிக்கொடையை 1972-ஆம் ஆண்டுச் சட்டமும் தனித்தனியாகவே ஜப்தியிலிருந்து விலக்கின. ஓய்வு பெற்றவர் பென்ஷனையும் பணிக்கொடையையும் வாங்கி வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டுவைத்தாலும் அந்தப் பாதுகாப்பு மாறாது என்று, பஞ்சாப் நேஷனல் வங்கி சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் அதையே எடுத்து மகனுடைய கடைக்கு முதலாகவோ மனைக்கு முன்பணமாகவோ போட்டுவிட்டால், பிறகு அது எந்தப் பணத்தில் வந்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள். சம்பளக்காரருக்கோ, முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் விலக்கு. மாதம் 31,000 ரூபாய் சம்பளமென்றால் 21,000 அவருக்கு, 10,000 வரையில்தான் ஜப்தி. அதுவும் ஒரே டிக்ரிக்கு மொத்தம் 24 மாதங்கள்தாம். அதன் பிறகு அந்த டிக்ரிக்காக அவர் சம்பளத்தைத் தொட முடியாது. இந்தக் கணக்கை அறியாமல் வேலையை ராஜினாமா செய்துவிட்டு ஊரை விட்டுப் போனவர்களை நான் அறிவேன்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் சென்னைக்குச் சிறிது பெருமை உண்டு. 1874-ஆம் ஆண்டு மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, ஒருவர் தம் ஆயுளின்மேல் மனைவி மக்களின் நன்மைக்கென்று குறித்து எடுக்கும் பாலிசியை அவர்களுக்கான டிரஸ்டாகவே கொள்கிறது. எடுத்தவராலும் அதைத் திரும்பப் பெற முடியாது, அவருடைய கடன்காரராலும் தொட முடியாது. இந்துக்களுக்கு இது பொருந்துமா என்ற வாதம் எழுந்தபோது, பொருந்தும் என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு கொண்டது. 1923-இல் சட்டத்தைத் திருத்தி இந்துக்கள், முஸ்லிம்கள், சீக்கியர், ஜைனர் எல்லோருக்கும் உரியதாக்கியபோது, மற்ற மாகாணங்களுக்கு 1923 ஏப்ரல் 1-க்குப் பிந்திய பாலிசிகள் என்றும், சென்னைக்கு மட்டும் 1913 டிசம்பர் 31-க்குப் பிந்தியவை என்றும் எழுதவேண்டியதாயிற்று. நூறாண்டுக்கு மேலாக நம் கையிலிருக்கும் இந்தச் சௌகரியத்தை, பாலிசி எடுக்கும் நாளில் ஒரு படிவத்தில் மனைவி மக்கள் பெயரை எழுதிக் கையெழுத்துப் போடுவதன் மூலம் யாரும் அடையலாம். பாலிசி விற்க வரும் ஏஜெண்டுகளில் பெரும்பாலோர் அதைப் பிரஸ்தாபிப்பதே இல்லை. கடன்காரரை ஏமாற்றும் எண்ணத்தோடு எடுத்தது என்று நிரூபணமானால், பாலிசித் தொகையிலிருந்தே தம் கடனை அவர்கள் கேட்கலாம் என்று அதே பிரிவு சொல்வதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

செட்டில்மெண்டுக்கு வருகிறேன். சேலையூர் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனைவி பேருக்கு எழுதிய தானப் பத்திரம் இரகசியம் என்று நினைப்பவர்கள், வில்லங்கச் சான்றை யார் வேண்டுமானாலும் பதிவுத்துறையின் இணையத்தளத்தில் பார்க்கலாம் என்பதை மறந்துவிடுகிறார்கள். நொடிப்பு மனுவுக்கு முந்திய இரண்டு ஆண்டுகளுக்குள் எழுதிய மாற்றங்களை, கல்யாணத்தை முன்னிட்டுக் கொடுத்ததாகவோ நாணயமாக விலை கொடுத்து வாங்கியதாகவோ இருந்தாலன்றி, ரிசீவர் கோர்ட்டில் சொல்லி ரத்து செய்துவிடலாம். மூன்று மாதங்களுக்குள் ஒரு கடன்காரரை மட்டும் தனியே திருப்தி செய்ததும், அவருக்கு மற்றவரைவிடச் சலுகை காட்டவே கொடுத்ததென்றால் நிற்காது; மைத்துனர் கடனை முதலில் அடைத்துவிட்டு மனு போடும் பாசக்காரர்கள் இதைக் கவனிக்கவேண்டும். இரண்டு ஆண்டு கடந்துவிட்டதே என்றால், சொத்து மாற்றுச் சட்டத்தின் 53-ஆம் பிரிவு காத்திருக்கிறது. இதற்கெல்லாம் மேலாக, கடன்காரரை ஏமாற்றச் சொத்தை மாற்றுவதே நொடிப்புச் செயல் என்று 1920-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்திருப்பதால், அந்தப் பத்திரத்தையே ஆதாரமாக வைத்துக் கடன்காரர் இவரைத் திவாலாக்கும்படி மூன்று மாதத்துக்குள் மனு போடலாம். மறைத்தது மோசடி என்று தீர்ந்தால் ஓராண்டு வரை சிறை. தொழில் செழிப்பாக இருந்த காலத்தில், கடன் ஏதும் இல்லாதபோது, பகிரங்கமாக மனைவிக்கு எழுதிக்கொடுத்த வீட்டை எந்த ரிசீவரும் எளிதில் அசைக்க முடியாது.

மனு போட்டால் என்ன கிடைக்கும்? 500 ரூபாய்க்குக் குறையாத கடனும், அதைத் தீர்க்க இயலாமையும் இருந்தால் மனு போடலாம். கோர்ட்டு பாதுகாப்பு உத்தரவு கொடுத்தால், கடனுக்காகக் கைது செய்ய முடியாது. கையில் இல்லாததற்காக ஒருவரைச் சிறையில் அடைப்பது அநியாயம், கொடுக்க வழியிருந்தும் கெட்ட எண்ணத்தோடு மறுப்பவரையே அடைக்கலாம் என்று 1980-இல் கொச்சி வங்கி வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் சொன்ன பிறகு அந்தப் பயமும் பெரிதும் குறைந்துவிட்டது. ஆனால் வீட்டை அடமானம் வாங்கிய வங்கியை இந்த மனு நிறுத்தாது. 2002-ஆம் ஆண்டுச் சர்பாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து வங்கி தன் வழியே போகும். அதை எதிர்க்கவேண்டிய இடம் கடன் வசூல் தீர்ப்பாயம், அதற்குக் கெடு 45 நாள். காசோலை திரும்பிய கிரிமினல் வழக்கும் நிற்காது. அரசுக்குச் செலுத்தவேண்டிய வரி, கோர்ட்டு கடன்களிலிருந்து விடுவிக்கும் டிஸ்சார்ஜ் உத்தரவு கிடைத்தாலும் தீராது. மகன்களைக் கூப்பிட்டு ‘அப்பன் கடன் உங்கள் தலையில்’ என்று மிரட்டுபவர்களுக்கு மட்டும் நல்ல பதில் இருக்கிறது: 2005 செப்டம்பர் 9-க்குப் பிறகு வாங்கிய கடனுக்கு, மகன் என்ற தர்மக் கடமையைக் காட்டி அவன்மேல் போக முடியாதென்று இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் சொல்லிவிட்டது. தந்தை விட்டுப்போன சொத்தை அவன் எடுத்துக்கொண்டால், அந்த அளவுக்குத்தான் பொறுப்பு.

ஜாமீன்காரர்களைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். சொந்தச் சொத்து வேறு, தொழில் வேறு என்று பிரிப்பதற்காகவே பிரைவேட் லிமிடெட் கம்பெனி தொடங்குகிறார்கள். வங்கி மேனேஜர் நீட்டும் ஜாமீன் பத்திரத்தில் கணவனும் மனைவியும் வயதான தகப்பனாரும் கையெழுத்திட்ட நிமிஷத்தில் அந்தச் சுவர் இடிந்துபோகிறது. ஜாமீன்தாரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம் என்பது 1872-லிருந்து வரும் சட்டம். கம்பெனி நொடித்தால் வழக்கு தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகும். இந்த ஏற்பாடு செல்லுமென்று உச்ச நீதிமன்றம் 2021-லும் 2023-லும் உறுதி செய்தாகிவிட்டது. புதிய நெறித்தொகுப்பு ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது: அடமானமில்லாத ஒரே குடியிருப்பு வீட்டையும் விலக்குப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. நகரத்தில் 20 லட்சம், கிராமத்தில் 10 லட்சம், சமய வழக்கப்படி கழற்றக்கூடாத ஆபரணத்துக்கு ஒரு லட்சம் என்று விதிகளில் உச்சவரம்பும் கட்டியிருக்கிறது. தாம்பரம் மாநகராட்சி எல்லைக்குள் 20 லட்சத்துக்கு அடங்குகிற வீட்டை யாராவது காட்டினால் நானே போய்ப் பார்க்கிறேன்! வரம்பைத் தொகையால் கட்டாமல், பஞ்சாபைப் போல, ‘குடியிருக்கும் பிரதான வீடு’ என்று கட்டினாலொழிய, இந்த விலக்கு ஏட்டில்தான் இருக்கும்.

கடைசியாக, மனு எழுதுகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் இரண்டு அசட்டைகள். ஜப்திக்கு அப்பாற்பட்ட பொருள்தானே என்று பாத்திரத்தையும் பாலிசியையும் வைப்புநிதியையும் சொத்து அட்டவணையில் எழுதாமல் விடுகிறார்கள். எல்லாவற்றையும் எழுதி, இவை விலக்குக்குரியவை என்று பக்கத்தில் குறிக்கவேண்டும். எழுதாமல் விட்டதைக் கடன்காரர் தரப்பு கண்டுபிடித்தால், ஒளித்தது என்றுதான் சொல்லும். மற்றொன்று, திவால் உத்தரவு கிடைத்தவுடன் விஷயம் முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடுவது. டிஸ்சார்ஜுக்கு மனு கொடுக்கவேண்டிய கெடுவை அந்த உத்தரவிலேயே கோர்ட்டு குறித்திருக்கும். கெடுவுக்குள் கேட்காவிட்டால் உத்தரவு ரத்தாகி, கடன்காரர்கள் மறுபடி வாசலில் நிற்பார்கள். டிஸ்சார்ஜ் வருகிறவரையில் புதிதாக வரும் சொத்தும் ரிசீவருக்கே உரியது. இடையில் தகப்பனார் காலமாகி, ஊரில் காணி நிலம் பங்காக வந்தால் அதுவும் அவரிடம் போய்விடும். டிஸ்சார்ஜ் விசாரணையில், கடனுக்கு ரூபாயில் பாதியாவது சொத்து இல்லாமற்போனது தம் குற்றமா, கடந்த மூன்றாண்டுக் கணக்குப் புத்தகம் எங்கே, தீர்க்க முடியாதென்று தெரிந்த பிறகும் வியாபாரம் நடத்தினாரா, வீண் ஆடம்பரம் செய்தாரா என்றெல்லாம் கேட்பார்கள். கணக்குப் புத்தகத்தை யாரும் ஜப்தி செய்யமாட்டார்கள் என்று முன்னே சொன்னேன். பட்டறையைக் காலி செய்கிற அவசரத்தில் அதைப் பழைய பேப்பர்க்காரனுக்குப் போட்டுவிடாமல், வாடகை வீட்டுக்குக் கொண்டுபோகும் சாமான்களோடு முதலில் ஏற்றவேண்டியது அந்த மூட்டையைத்தான்.